நண்பர் கொடுத்த மாத்திரையைப் போடலாமா?

கேள்வி சுருக்கமாக இது: வயது 54. பத்து வருடமாகச் சுகர், பிரஷருக்கும் தினமும் மாத்திரை. ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. நண்பர் ஒருவர் சில்டெனாஃபில் 100 மி.கி. அட்டையில் பாதியை வெட்டிக் கொடுத்து, "ஒண்ணு போடு, எல்லாம் சரியாயிடும்" என்றிருக்கிறார். போடலாமா? இதயத்துக்கு ஆபத்தா? பழகிவிட்டால் பிறகு அது இல்லாமல் முடியாதா?

இப்போதைக்குப் போடாதீர்கள். அதே மருந்து உங்களுக்கு நன்றாகவே ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்க உங்கள் நண்பருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, நீங்கள் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. இரண்டாவது, உங்கள் இதயம் எப்படி இருக்கிறது என்பது.

மருந்துக் கடைக் கவுண்ட்டரில் நீண்ட காலம் நின்றவன் என்பதால் சொல்கிறேன். இந்த மாத்திரை கேட்டு வருபவர்கள் கடையில் ஆள் குறையும்வரை ஓரமாக நின்று செல்போன் பார்ப்பார்கள். பெண் ஊழியர் இருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள், "அந்த மாத்திரை" என்பார்கள். டாக்டர் சீட்டு இருக்கிறதா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் முகம் சிவந்துவிடும், "வேணாம் விடுங்க" என்று நடையைக் கட்டுவார்கள். நாலு கடை தள்ளி எதுவும் கேட்காமல் கொடுக்கும் இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். இந்த மாத்திரையால் வரும் பெரிய ஆபத்துகளில் பாதிக்கு மேல் அந்த நாலு கடைத் தூரத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

காரணங்களில் முதன்மையானது, கட்டாயம் சொல்லியாக வேண்டிய அளவு பெரியது: நைட்ரேட் மருந்துகள். மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சின்ன மாத்திரை, நம் ஊரில் சார்பிட்ரேட் என்ற பெயரிலேயே எல்லோருக்கும் தெரியும். அதுவும், ஐசோசார்பைட் மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்றவையும் ரத்தக் குழாயை விரித்து வேலை செய்பவை. சில்டெனாஃபிலும், விறைப்புக்கே தரும் இன்னொரு மருந்தான டடாலஃபிலும் குழாயை விரிப்பவைதான், ஆனால் வேறு வழியில். இரண்டும் உடலில் ஒன்றாகச் சேர்ந்தால் விரிவு பல மடங்காகி, ரத்த அழுத்தம் திடீரென்று பாதாளத்துக்கு இறங்கும். மயக்கம், இதயத்துக்கே ரத்தம் போதாமை, உயிர் போவதுகூட நடக்கும். "டோஸைக் குறைத்துப் பார்க்கலாமா" என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. நைட்ரேட் எடுப்பவர் இந்த வகை மருந்தைத் தொடவே கூடாது. நெஞ்சுவலிக்குத் தரும் நிக்கோரண்டில் என்ற மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்குத் தரும் ரியோசிகுவாட்டும் அப்படியே.

"நான் அதெல்லாம் எடுப்பதில்லை" என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இரவு பத்து மணிக்கு இந்த மாத்திரையைப் போட்டு, பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வையுங்கள். வீட்டில் அம்மாவுக்கு வாங்கிய சார்பிட்ரேட் அலமாரியில் இருக்கும். ஹார்ட் அட்டாக்குக்கு முதலுதவி என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளில் அந்தப் பெயர் தவறாமல் வரும். மனைவி பதறி ஒன்றை எடுத்து நாக்கின் அடியில் வைத்துவிடுவார். நல்லது செய்வதாகத்தான் நினைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? சில்டெனாஃபில் போட்டால் குறைந்தது 24 மணி நேரமும், டடாலஃபில் போட்டால் 48 மணி நேரமும் நைட்ரேட் உள்ளே போகக் கூடாது. ஆகவே இந்த மாத்திரை எடுப்பவரின் மனைவிக்கு அது தெரிந்திருப்பது நல்லது. நெஞ்சுவலி என்று 108-ஐக் கூப்பிட்டால், வருகிறவரிடம் முதல் வார்த்தையாக இன்ன மாத்திரை இத்தனை மணிக்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இதயத்துக்கு ஆபத்தா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேயே வந்துவிடுகிறேன். சில்டெனாஃபில் பிறந்ததே இதய நோய்க்கான ஆராய்ச்சியில்தான். ஃபைசர் நிறுவனத்தார் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் மார்வலிக்கு மருந்து தேடியபோது கிடைத்தது அது. மார்வலிக்குப் பெரிதாகப் பலனில்லை, ஆனால் சோதனையில் பங்கெடுத்த ஆண்கள் வேறொரு பலனைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து வயாகரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைகள் 2001 முதல் இங்கே கிடைக்கின்றன. அது வேலை செய்யும் விதமும் எளிதுதான். காம உணர்வு எழும்போது ஆணுறுப்பின் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை விடும். அதனால் சிஜிஎம்பி என்ற பொருள் சுரந்து குழாய்கள் தளர்ந்து ரத்தம் நிறையும். பிடிஇ-5 என்ற நொதி அந்தச் சிஜிஎம்பியைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, அவ்வளவே. உணர்வு எழாவிட்டால் மாத்திரை போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஆசையை அது உண்டாக்குவதில்லை, அளவைப் பெரிதாக்குவதும் இல்லை.

ஆக, சீராக இருக்கும் இதயத்தை இந்த மருந்து நேரடியாகக் கெடுப்பதில்லை. பார்க்க வேண்டியது, உங்கள் இதயம் உடலுறவு என்ற உழைப்பைத் தாங்குமா என்பதைத்தான். இரண்டு மாடி படி மூச்சு வாங்காமல், மார்பு இறுக்காமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் தாங்கும். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மார்வலி வருபவர், பிரஷர் 170/110-க்கு மேலோ 90/50-க்குக் கீழோ இருப்பவர் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, உங்கள் விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது அதைத்தான். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் 1 முதல் 2 மி.மீ. அகலம்தான். இதயத்தின் குழாய் 3 முதல் 4 மி.மீ. கொழுப்பு படிந்து அடைக்கும்போது சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். விறைப்புக் குறைவு தொடங்கி இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் இதய நோயின் அறிகுறி தெரிவது மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று. சுகர் இருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும். நண்பர் கொடுத்த மாத்திரை வேலை செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்: "பிரச்சினை தீர்ந்தது" என்று நீங்கள் டாக்டரிடம் போகவே மாட்டீர்கள். உள்ளே குழாய் அடைத்துக்கொண்டு போவது யாருக்கும் தெரியாமலே போய்விடும். எனக்கு அந்த மாத்திரையின் மேல் இருக்கும் பயத்தைவிட இதில்தான் பயம் அதிகம்.

சரி, பிரஷர் மாத்திரைகள். "பிரஷர் இருக்கிறவன் இதைப் போடவே கூடாது" என்று பலர் சொல்வார்கள், அது தப்பு. அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் மாதிரி வழக்கமான மாத்திரைகளோடு டாக்டர் பார்த்துக் கொடுக்கலாம். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். அட்டெனோலால் போன்ற சில பழைய பிரஷர் மாத்திரைகளும், நீர் பிரிய வைக்கும் தயசைடு மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கக்கூடும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது இதயத்துக்குக் கெடுதல். கேட்டால் டாக்டர் மாற்றித் தருவார்.

கவனமாக இருக்க வேண்டியது ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் ரகத்தில். பிரஷருக்குத் தரும் பிரசோசினும் இந்தக் குடும்பம்தான். இவற்றோடு சேர்த்துப் போட்டு, இரவில் சிறுநீர் கழிக்கச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழலாம். ஐம்பதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் இந்த ப்ராஸ்டேட் மாத்திரை எடுப்பவர்கள். அதை உடல் நன்கு ஏற்றுக்கொண்ட பிறகு, இதைக் குறைந்த டோஸில், சில்டெனாஃபில் என்றால் 25 மி.கி.யில், தொடங்குவதுதான் முறை.

இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது: படர்தாமரை மாத்திரை. நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் இட்ராகோனசோல் விற்காத கடை கிடையாது. வாரக்கணக்கில் சாப்பிடுவார்கள், அதை ஒரு "மருந்து" என்றே நினைவில் வைக்க மாட்டார்கள். சில்டெனாஃபிலைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது தடுத்துவிடும். போட்டது 50 என்றாலும் ரத்தத்தில் இருப்பது அதைவிட மிக அதிகம் என்று ஆகிவிடும். கீட்டோகோனசோல் மாத்திரை, எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எச்.ஐ.வி.க்குத் தரும் ரிட்டோனவிர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ரிட்டோனவிர் எடுப்பவருக்கு 48 மணி நேரத்தில் 25 மி.கி.தான் உச்ச அளவு என்றால் எவ்வளவு கடுமையான விஷயம் என்று பாருங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறு. மருந்தை வேகமாகச் சிதைத்துப் பலனைக் குறைக்கும்.

இப்போது அந்தப் பாதி அட்டைக்கு வருவோம். 100 மி.கி. என்பது சில்டெனாஃபிலின் உச்ச டோஸ். முதல் தடவை எடுப்பவருக்குப் பொதுவாக 50-இல் தொடங்குவார்கள். 65 வயதைத் தாண்டியவர், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் 25. பத்து வருடச் சுகர் என்பதால் உங்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று தெரியாமல் எந்த அளவையும் நான் சொல்ல மாட்டேன். வெட்டிக் கொடுத்த அட்டையில் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் மறுபாதியோடு போயிருக்கும். எங்கே வாங்கியது என்பதும் தெரியாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு எடுக்கும் விதம் பற்றி. சில்டெனாஃபில் உடலுறவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால். வேலை செய்யும் நேரம் நான்கு மணி நேரம் வரை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். பலன் தெரியவில்லை என்று அரை மணி நேரத்தில் இன்னொன்று போடுவது மிக மோசமான பழக்கம். பிரியாணி மாதிரி எண்ணெய் மிதக்கும் சாப்பாட்டுக்கு மேல் போட்டால், மருந்து ஏறுவதற்கே ஒரு மணி நேரம் தாமதமாகும், ஏறும் உச்ச அளவும் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். கல்யாண விருந்து முடித்து வந்து போட்டுவிட்டு "மாத்திரை டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். டடாலஃபிலுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. அதன் வேலை 36 மணி நேரம் வரை நீளும். தேவைப்படும்போது 10 அல்லது 20 மி.கி. எடுக்கும் முறையும் உண்டு, தினமும் 2.5 அல்லது 5 மி.கி. எடுக்கும் முறையும் உண்டு. ப்ராஸ்டேட் தொல்லையும் சேர்ந்து இருப்பவருக்கு தினசரி 5 மி.கி. இரண்டுக்குமே உதவும். எது நல்லது என்று கேட்பார்கள். கடிகாரம் பார்ப்பது எரிச்சலாக இருக்கிறது என்பவருக்கு டடாலஃபில் வசதி. தலைவலி வந்தாலும் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பவருக்கு சில்டெனாஃபில்.

முதல் தடவையிலேயே பலனில்லை என்று தூக்கி எறியாதீர்கள். பதற்றத்தில் முதல் இரண்டு தடவை சரிவராமல் போவது சகஜம். சரியான முறையில் ஆறேழு தடவை பார்த்த பிறகுதான் டாக்டர்கள் "இது உங்களுக்கு வேலை செய்யவில்லை" என்ற முடிவுக்கு வருவார்கள். சுகர் உள்ளவர்களுக்குப் பலன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவுதான், இல்லையென்று சொல்ல முடியாது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் சுகர் உள்ள ஆண்களில் சில்டெனாஃபில் எடுத்த 56 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கு. மாத்திரை கைவிட்டாலும் வெற்றிடப் பம்ப், ஊசி, அறுவைசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன.

தண்ணி அடித்துவிட்டுப் போடுவது வேண்டாம். பிரஷர் மேலும் இறங்கும். அதோடு, விறைப்பைக் கெடுக்கும் பொருளையும் கொடுக்கும் பொருளையும் ஒரே நேரத்தில் விழுங்குவதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

தலைவலி, முகம் சூடாகிச் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் இவை வரும், போகும். டடாலஃபிலில் மறுநாள் முதுகுவலி, தசைவலி வரலாம். சில்டெனாஃபிலில் சிலருக்குக் கொஞ்ச நேரம் எல்லாம் நீலம் பூத்தாற்போலத் தெரியும். ஆனால் ஒரு கண்ணோ இரண்டு கண்ணோ திடீரென்று பார்வை மங்கினால், காது திடீரென்று கேட்காமல் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலியோடு நின்றாலும் அப்படித்தான். அரிது, ஆனால் வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் உறுப்பின் தசை நிரந்தரமாகக் கெட்டுவிடும். ரெட்டினைடிஸ் பிக்மெண்டோசா என்ற பரம்பரைக் கண் நோய் குடும்பத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "எதுக்கு வம்பு, பக்கவிளைவே இல்லாத மூலிகை இருக்கே" என்று யாராவது உங்களை லாட்ஜ் வைத்தியரிடம் கூட்டிப்போகலாம். நள்ளிரவு டிவி விளம்பரத்தையும், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸையும் பார்க்காதவர் யார்? ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. விளம்பரம் என்னவோ நிற்கவில்லை. இந்த "மூலிகை" காப்ஸ்யூல்கள் பலவற்றைச் சோதனைச் சாலையில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சில்டெனாஃபில் தூளே இருந்திருக்கிறது. அளவு கிடையாது, பெயர் கிடையாது. நைட்ரேட் எடுப்பவர் மூலிகைதானே என்று விழுங்கினால் கதை முடிந்தது. சிங்கப்பூரில் 2008-இல் நடந்தது இதைவிட மோசம். சுகரே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி ஐந்து மாதத்துக்குள் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற கள்ள மாத்திரைகளில் சுகர் மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. ஏழு பேர் கோமாவிலிருந்து மீளவில்லை, நான்கு பேர் பிறகு இறந்தார்கள். ஏற்கனவே சுகர் மாத்திரை எடுக்கும் உங்களைப் போன்றவருக்கு அப்படி ஒரு கலப்படம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கும்போதும் பெயரை முழுதாகப் படியுங்கள். சில்டெனாஃபிலோடு டபாக்செட்டின் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய வருகின்றன. டபாக்செட்டின் விந்து சீக்கிரம் வெளியேறுவதற்கான மருந்து, அது வேறு பிரச்சினை. மயக்கம் போட்டு விழவைக்கும் குணம் அதற்கு உண்டு, மனச்சோர்வு மாத்திரைகளோடு சேரவே கூடாது. "இது டபுள் பவர் சார்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். பில் போட்டு வாங்குங்கள்.

பழகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். புகையிலை, சாராயம் போல உடல் கேட்டு அடம்பிடிக்கும் மருந்து இல்லை இது. நிறுத்தினால் பழைய நிலைதான் திரும்பும், அதைவிட மோசமாகாது. ஆனால் மனசு பழகிவிடும், குறிப்பாக எந்தக் குறையும் இல்லாமல் "சும்மா ஒரு கெத்துக்கு" போடும் இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கு. காலையில் எழும்போது நல்ல விறைப்பு இருக்கிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வருவதில்லை என்றால் பெரும்பாலும் குழாயில் கோளாறில்லை, பயமும் பதற்றமும்தான். அவர்களுக்கு மாத்திரையைவிட மனநல ஆலோசனை அதிகம் உதவும். உங்களுக்கு ஒரு வருடமாக மெல்ல மெல்லக் குறைந்திருப்பதைப் பார்த்தால் சுகர் பக்கம்தான் என் சந்தேகம். மூன்று மாதச் சராசரிச் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகைப்பழக்கம் இருந்தால் விட்டு, தினம் வேகமாக நடந்தால் மருந்தின் பலனும் கூடும்.

யாரிடம் போவது என்றால், உங்கள் சுகர் டாக்டரே போதும். இந்த விஷயத்தைச் சுகர் நோயாளிகளிடமிருந்து அவர் அடிக்கடி கேட்பவர்தான். தேவைப்பட்டால் அவரே சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு உண்டு. "விறைப்பு சரியா வரமாட்டேங்குது டாக்டர்" என்ற ஒரு வரி போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லா அட்டைகளையும், படர்தாமரைக்கு வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நண்பர் கொடுத்த பாதி அட்டையையும் அதோடு போடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டுமென்றால் காலை 11 மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். சுகர், கொழுப்பு, கிரியாட்டினின் எல்லாம் அதே ஊசியில் முடிந்துவிடும். ஒரு ஈசிஜியும் எடுத்துவிட்டால், எந்த மாத்திரை, எத்தனை மி.கி. என்பதை அவரால் அன்றைக்கோ மறுநாளோ சொல்லிவிட முடியும்.